காற்றுவாயில் வைத்த பூ

இந்த நோர்வே நாட்டில் பனி கரைந்து முதற்பச்சை தலைகாட்டியதும் வானொலியில் மரங்களைப் பற்றிச் செய்தி வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். உலகச் செய்தியும் வானிலையும் முடிந்த பின், இன்று எந்த மரத்தின் மகரந்தம் எந்தப் பகுதிக் காற்றில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அதே நிதானமான குரலில் ஒரு பெண் சொல்வாள். இதற்குப் பொல்லன்வார்செல் என்று பெயர். வந்த புதிதில் எனக்கு இது விளையாட்டாகவே பட்டது. திருகோணமலையில் நாங்கள் காலை வானொலிக்குக் காதைக் கொடுத்தது ஊரடங்கு தளர்ந்ததா, தெருக்கள் திறந்தனவா என்று அறிவதற்காக. பூவின் தூளுக்கு ஒரு தேசம் அபாய அறிவித்தல் செய்யும் என்று எவராவது அப்போது சொல்லியிருந்தால் ஓர்ஸ் ஹில்லில் எங்கள் ஒழுங்கை முழுவதும் கூடிச் சிரித்திருக்கும். இப்போது நானே தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் ஏந்தியபடி அந்தக் குரலுக்குக் காத்திருக்கிறேன். எள்ளலாக இதை எழுதவில்லை. மனிதர் உள்ளே இழுக்கும் மூச்சை இவ்வளவு பொருட்படுத்தும் ஓர் ஊரில் எங்களை முதுமையடைய வைத்தது இறைவனின் இரக்கம் என்றே நினைக்கிறேன். ஏனெனில் என் மனைவி பரமேஸ்வரிக்கு மூச்சு என்பது கேளாமல் வந்துபோகும் ஒன்றல்ல. அவளுக்கு முட்டு வருத்தம். இளம் வயதில் இல்லாதது, போர்க்காலத்தில் வந்தது, எங்களோடு விமானமேறி பேர்கன் நகரம்வரை வந்துவிட்டது.

பேர்கனும் ஒரு துறைமுகப் பட்டினம்தான். மலைகள் சூழ்ந்து நிற்க, நடுவில் கடல் உள்ளே புகுந்து படுத்திருக்கும். முதன்முதலாக அதைப் பார்த்தபோது, உள்துறைமுகத்தை ஓர்ஸ் ஹில்லில் இருந்து பார்ப்பதுபோல் ஒரு கணம் மயங்கி நின்றேன். அந்த மயக்கம் மழையால் கலைந்தது. இங்கே மழை ஓய்ந்த நாளைத்தான் மக்கள் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். ஈரம் சுவரில், சப்பாத்தில், புத்தகத்தின் ஓரத்தில் எல்லாம் இருக்கும். ஈரத்தைப் பற்றி இப்போதே சொல்லி வைக்கிறேன். இந்தக் கட்டுரையில் அதற்கு ஒரு பங்கு உண்டு.

நான் எழுத வந்தது சம்பூர்ச் சனம் ஊரோடு பெயர்ந்ததற்கு அடுத்த வசந்தத்தைப் பற்றி. பரமேஸ்வரி திருகோணமலைக் குடாவின் தென்கரையிலுள்ள அந்தச் சம்பூரில் பிறந்தவள். அவளுடைய ஒரே தங்கை கனகம் அங்கேயே வாழ்க்கைப்பட்டு, வயலும் மாடுமாக இருந்தாள். எறிகணைகளுக்கு அஞ்சி ஊர் முழுவதும் தெற்கு நோக்கி நடந்தபோது அவளும் நடந்தாள். வெருகல் ஆற்றை அவள் கடந்ததைக் கண்டதாக ஒருவர் தொலைபேசியில் சொன்னார். அதற்குப் பிறகு எவரும் எதையும் சொல்லவில்லை. எந்த முகாமிலும் அவள் பெயர் அகப்படவில்லை. பரமேஸ்வரி அழவில்லை, நேர்த்தி வைத்தாள். கனகத்தின் குரலை இந்தக் காதால் கேட்கும்வரை, ஒரு வெள்ளிக்கிழமையும் தவறாமல் கோயிலுக்குப் போய் நெய்விளக்கு ஏற்றுவதென்று. கோயில் என்றால் கோபுரத்தை நினைத்துவிட வேண்டாம். நகருக்கு வெளியே, நீண்ட சுரங்கப்பாதை ஒன்றைக் கடந்து போனால், நம்மவர்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் ஒரு மண்டபம். பின்சுவரில் கூடைப்பந்து வளையம் தொங்கும். அதற்குக் கீழே திரை கட்டி, சுவாமியை எழுந்தருளச் செய்திருக்கிறோம். அங்கே பதிகம் பாடுவது என் பணி. நான் முதலடியை எடுத்துக்கொடுக்க, பரமேஸ்வரி அதை வாங்கிப் பாடுவாள்.

அந்த வசந்தத்தில் அவளால் அடியை வாங்க முடியவில்லை. வீட்டில் நன்றாக இருப்பவள், காரில் ஏறிச் சற்றுத் தூரம் போனதும் நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். சுரங்கத்துள் நுழைந்தால் மூச்சு விசிலடிக்கத் தொடங்கும். மண்டபத்தில் இறங்கும்போது மருந்துப் புகையை உறிஞ்சி, சுவரில் சாய்ந்து, விளக்கை மட்டும் எப்படியோ ஏற்றுவாள். பஸ் அந்த வழியில் போகாது. நானோ கண்ணாடியைத் திறந்துவிட்டால் சரியாகும் என்று நம்பினேன்.

"இஞ்சேருங்கோ, திறவாதேங்கோ. பியேர்க் மரம் உள்ளுக்கு வருது" என்பாள். பியேர்க் என்பது வெள்ளைப் பட்டையுடைய மரம். வானொலிப் பெண் அதிகம் எச்சரிப்பது அதைப் பற்றித்தான்.

"மரம் எங்கயப்பா வரும்? அதின்ர தூள்தான் வரும்."

"மூச்சு முட்டுறவளுக்கு ரெண்டும் ஒண்டுதான். எங்கட வீட்டுக்குப் பின்னால நிக்குதே ஒண்டு, அதுதான் என்னைக் கொல்லப் போகுது, பாருங்கோ."

மருத்துவர் அவளைச் சோதித்து, கேள்விகள் கேட்டு, காரில்தான் கூடுகிறது என்பதைக் குறித்துக்கொண்டு, காரின் கூப்பேபில்டரை மாற்றிப் பாருங்கள் என்றார். காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் ஒன்று காரிலே உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன். எங்கள் கார் மிகப் பழையது. கடலோரக் கிராமம் ஒன்றில் தனியே வாழ்ந்த முதிய நோர்வேக்காரர் ஒருவரிடம் வாங்கியது. சாவியைத் தருமுன் அவர் ஓட்டுநரின் பக்கத்து இருக்கையை ஒரு துணியால் நெடுநேரம் துடைத்துக்கொண்டு நின்றார். அழுக்கு எதுவும் அதில் இருக்கவில்லை.

உதிரிப்பாகக் கடையில் ஓர் இளம்பெண் காரின் இலக்கத்தைக் கணினியில் தட்டினாள். பிறகு, "தெ ஃபின்னஸ் இக்கெ" என்றாள். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று பொருள். இந்தக் காரைச் செய்த காலத்தில் அதற்கு வடிகட்டியே வைக்கவில்லையாம். இல்லவே இல்லை என்று பலர் சொல்லும் இறைவனை நம்பியே வாழ்நாளைக் கழித்தவன் நான். அந்தச் சொல்லைக் கேட்டு அவ்வளவு எளிதில் திரும்பிப் போகிறவன் அல்ல. எனக்கிருந்த அரைகுறை நொஷ்க் மொழியில், "மருத்துவர் இருக்கிறது என்றார்" என்றேன்.

"மருத்துவர் காரைப் பார்த்தாரா?"

"இல்லை. என் மனைவியைப் பார்த்தார்."

அவள் சிறிது யோசித்தாள். முகம் இளகியது. உள்ளே போய், சுவருக்கு வர்ணம் பூசுபவர்கள் மூக்கை மூடிக்கொள்ளும் கவசம் ஒன்றைக் கொண்டுவந்து, மிகுந்த அன்போடு என் கையில் தந்தாள். மனைவிக்கு வடிகட்டி கேட்கிறேன் என்று விளங்கிக்கொண்டாள் போலும். வேண்டாம் என்பதை மனம் நோகாமல் சொல்லும் அளவுக்கு எனக்கு அந்த மொழியில் சொற்கள் இல்லை, வாங்கிக்கொண்டு வந்தேன். பரமேஸ்வரி அதை முகத்தில் பொருத்திக் கண்ணாடியில் பார்த்தாள். "இதோட போய் சுவாமிக்கு முன்னால நிண்டா, விளக்கேத்த வந்தவள் எண்டு நினைப்பாரோ, உண்டியல் உடைக்க வந்தவள் எண்டு நினைப்பாரோ?" என்று கேட்டுச் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது. இருமல் நின்றபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "வெள்ளி தவறினா என்ன செய்வன்?" என்றாள்.

மறுநாள் நிஸ்தாரிடம் போனேன். நிஸ்தார் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம், என் மகனின் வயது. முன்பு மீன் அடைத்து வைத்த கிடங்கு ஒன்றில் கார் திருத்தும் கடை வைத்திருக்கிறார். எங்கள் ஊருக்கும் அவருடைய ஊருக்கும் இடையே ஒரு நீர்ப்பரப்பும் அதைக் கடக்க ஒரு பாதைப் படகும்தான் இருந்தன. ஆனாலும் நாங்கள் அறிமுகமாவதற்கு வடதுருவத்துக்குக் கிட்ட வரவேண்டியிருந்தது.

அவர் முன் கண்ணாடியின் அடியில் இருந்த கறுப்புப் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றினார். சல்லடைபோல் துளைகள் கொண்ட தட்டு. வெளிக்காற்று உள்ளே நுழையும் வாய் அதுதான் என்றார். அதற்குக் கீழே குனிந்து பார்த்தவர் சீழ்க்கையடித்தார்.

"ஐயா, கடைக்காரப் புள்ள பொய் சொல்லல்ல. கொம்பனி இதில பில்டர் வெக்கல்ல. ஆனா ஆரோ கையால பெட்டி செஞ்சி வெச்சிரிக்காங்க, பாருங்க."

மெல்லிய அலுமினியத் தகட்டை வளைத்து, மூலைகளை மடித்துத் தட்டி, காற்றுவாயின் அளவுக்கு ஒரு பெட்டி. எந்தக் கடையிலும் வாங்கியதல்ல. விளிம்பு கையைக் கீறாதபடி அரத்தால் தேய்த்திருந்தது. "தனக்குச் செய்யிறவன் இவ்வளவு தேய்க்க மாட்டான்" என்றார் நிஸ்தார். "ஆரோ தன்ட ஆளுக்காகச் செஞ்சிரிக்கார்." அந்த முதியவர் துடைத்துக்கொண்டு நின்ற இருக்கை என் நினைவுக்கு வந்தது. அதில் இருந்தவருக்கு நோய் இருந்ததா, அவர் யார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் என் மனைவி அமரும் இடத்தில் முன்பு ஒருவர் அமர்ந்து சிரமப்பட்டு மூச்சு வாங்கியிருக்கிறார், அருகில் ஒருவர் கலங்கியிருக்கிறார் என்று அந்தத் தகட்டைத் தொட்டபோது தோன்றியது.

நிஸ்தார் பெட்டிக்குள் இருந்ததை வெளியே இழுத்தார். வடிகட்டிக் கடதாசி விசிறிபோல் மடிப்பு மடிப்பாக இருக்கும் என்கிறார்கள். அங்கே மடிப்பே தெரியவில்லை. வாடிக் கறுத்த இதழ்கள், செவ்வந்திக் காம்புகள், சாம்பல் நிறத்தில் பசைபோல் உறைந்த ஏதோ ஒன்று, அதன்மேல் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சணம். அவர் முகர்ந்து பார்த்து, தலையைப் பின்னே இழுத்துக்கொண்டார்.

"கோயில் வாசம் வருது ஐயா! இது காரா, தேரா?"

அந்தப் பசை திருநீறு. ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் என் மனைவி அந்தக் கறுப்புத் தட்டின்மேல், சரியாக அந்த இடத்தில், ஒரு பூவை வைத்து, திருநீற்றைத் தூவி, கண்மூடி நிற்பாள். கனகம் காணாமற்போன பிறகு பூவும் கூடியது, நீறும் கூடியது. மழை அவற்றைக் கரைத்து உள்ளே இறக்கியது. உள்ளே வெயில் படாத ஈரம். காரை முடுக்கியதும் அந்தப் பூஞ்சணத்தின் வழியே வந்த காற்றைத்தான் அவள் இழுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஏன் அந்த இடத்தைத் தேர்ந்தாள் என்று நிஸ்தாருக்குச் சொன்னேன். வாசிப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். திருகோணமலையில் கடைத்தெரு எரிந்த ஒரு பகல் அது. புகை மலையேறி ஓர்ஸ் ஹில் வீடுகளுக்குள் வந்தது. பரமேஸ்வரிக்கு முதன்முதலாக அன்றுதான் மூச்சு முட்டியது. உதடு நீலம் பாய்ந்தது. ஆளொருவரை இறக்கிவிட்டுத் திரும்ப வழியில்லாமல் எங்கள் ஒழுங்கையில் நின்றது ஒரு வாடகைக் கார். ஓட்டியவர் காசிம் காக்கா; முஸ்லிம்கள் வழக்கில் காக்கா என்றால் அண்ணன். அவரும் கிண்ணியாதான். கேட்குமுன் கதவைத் திறந்துவிட்டார். அவருடையது பழைய இங்கிலாந்துக் கார். முன் கண்ணாடிக்கு அடியில் காற்று வருவதற்கென ஒரு சிறு மூடி. உள்ளிருந்து ஒரு பிடியைத் தள்ளினால் திறக்கும், இழுத்தால் மூடும். பிடி முறிந்து, மூடி எந்நாளும் திறந்தே கிடந்தது. ஆஸ்பத்திரித் தெருவுக்கு இறங்கும்போது புகை அந்த வாயால் நேரே அவள் முகத்தில் அடித்தது. காசிம் காக்கா காரை நிறுத்தினார்.

"ஐயா, ஒங்கட சால்வையத் தாங்க."

என் தோளில் கிடந்தது சுவாமிக்கு முன் நின்று பாடும்போது மட்டும் இடுப்பில் கட்டும் பட்டுக்கரைச் சால்வை. பதற்றத்தில் எப்படியோ எடுத்து வந்திருந்தேன். என் வாய் என்னையறியாமல், "இது கோயிலுக்குக் கட்டுறது" என்றது.

"அம்மா மூச்சு விட்டாத்தானே ஐயா கோயிலுக்குப் போகலாம்? தாங்க."

கார் இயந்திரத்துக்கென வைத்திருந்த கலன் தண்ணீரில் அதை நனைத்து, பிழிந்து, மடித்து, அந்தக் காற்றுவாயில் திணித்தார். "சொட்டச் சொட்ட இருந்தா காத்து வராது, காஞ்சா புகை வரும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு அவளைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, வாயால வேணாம். மூக்கால இழுங்க. மெதுவா. ரோட்ட நான் பார்த்துக்கொள்றன், நீங்க மூச்ச மட்டும் பாருங்க" என்றார். அவள் இழுத்தாள். ஈரத் துணியின் குளிர்ச்சியோடு காற்று வந்தது. அவள் பிழைத்தாள்.

அதன்பின் அவருடைய காரில் ஏறும்போதெல்லாம் அந்த மூடியின்மேல் ஒரு பூவை வைத்து, திருநீறு தூவிய பிறகுதான் ஏறுவாள். காசிம் காக்கா தடுத்ததில்லை. "என்ட கார் எனக்கு முந்திச் சைவமாப் போச்சு அம்மா" என்பார். ஒருநாள் சோதனைச் சாவடியில் சிப்பாய் ஒருவன் அவருடைய தொப்பியையும் பூவையும் மாறிமாறிப் பார்த்து, நீ தமிழனா முஸ்லிமா என்று கேட்டான். சாவடி கண்ணுக்கு மறைந்த பிறகு எங்களிடம் சொன்னார்: "நான் முஸ்லிம், கார் இந்து, ரோட்டு ஒன்ட எண்டு சொல்ல வாய் வரைக்கும் வந்திச்சு. விழுங்கிட்டன்." அந்த ஊர் வெயிலில் பூ சுருண்டு காற்றோடு போய்விடும், நீறும் புழுதியும் ஒன்றாகும். காற்றுவாயில் எதுவும் தங்கியதில்லை. தங்கவைக்கும் மழைநாட்டுக்கு அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தோம்.

"காசிம் காக்காவைத் தெரியுமா தம்பி? கண்ணுக்குப் பக்கத்தில ஒரு மறு இருக்கும்" என்று கேட்டேன். நாங்கள் ஊரைவிட்டு வந்த பிறகு அவரைப் பற்றி ஒன்றும் அறியோம்.

"கிண்ணியாவில கல்லெறிஞ்சா ஒரு காசிமில படும் ஐயா" என்றார் நிஸ்தார். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். "அங்க இரிந்திருந்தா நாம ரெண்டு பேரும் இப்பிடி ஒரு மேசையில இரிந்து குடிச்சிரிப்பமா?"

"குடிச்சிருப்பம்."

"ஓ, குடிச்சிட்டு, வெளியில போனதும் இவன் நம்மளப் பத்தித் தன்ட ஆக்களுக்கு என்ன சொல்லுவான் எண்டு ரெண்டு பேரும் யோசிச்சிரிப்பம்."

இருவரும் குடித்து முடித்தோம்.

அந்தப் பெட்டியின் அளவுக்கு வடிகட்டி எங்கும் விற்பதில்லை. நிஸ்தார் வைத்திருந்தவற்றில் ஒன்று அகலம் போதாது. ஒன்று தடிப்பு அதிகம். கடைசியில் பெரிய வேன் ஒன்றின் வடிகட்டியை எடுத்து, மடிப்பின் வழியே கூரிய கத்தியால் அறுத்து, பெட்டிக்குள் இறக்கினார். பார்வைக்குப் பொருந்திவிட்டது. நான் விரலை மூலையில் விட்டுப் பார்த்தேன், நகம் இறங்கியது. ஊர்க் கோயிலில் திருநீறு வடிப்பது பல காலம் என் பொறுப்பாக இருந்தது. சுட்டெடுத்த நீற்றை, பானையின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, அதன்மேல் கொட்டித் தேய்த்து வடிப்போம். துணி எவ்வளவு நேர்த்தியாயினும் கட்டு ஓரிடத்தில் தளர்ந்தால் கரித்துண்டு முழுவதும் அந்த வழியாகவே பானைக்குள் இறங்கிவிடும். இதைச் சொன்னேன்.

"காத்தும் அப்பிடித்தான். லேசான வழி ஒண்டு இரிந்தா அதாலதான் போகும்" என்றார் நிஸ்தார். "மனிசரப்போல." குளிர் புகாமல் கதவிடுக்கில் ஒட்டும் மென்ரப்பர்ப் பட்டியை நான்கு விளிம்பிலும் ஒட்டினார். பெட்டியைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, வெப்பக்காற்று ஊதிக் காயவைத்தார். இம்முறை என் நகம் எங்கும் இறங்கவில்லை.

பழையதைக் குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோன அவர் கை பாதியில் நின்றது. "ஐயா, இது ஒங்கட சாமிக்கு வெச்ச பூவெல்லோ?" சுவாமிக்குச் சாத்திக் களைந்த பூவை நிர்மாலியம் என்போம்; காலில் படும் இடத்தில் அதைப் போடுவதில்லை. அவருக்கு அந்தச் சொல் தெரியாது. ஆனாலும் ஒரு செய்தித்தாளை விரித்து, இதழ்களையும் நீற்றையும் சுரண்டி எடுத்துப் பொதிசெய்து, இரு கையாலும் தந்தார்.

"அம்மாட்ட இதைச் சொல்லாதீங்க. பில்டர் பழுதாப் போச்சு எண்டு சொன்னா முடிஞ்சிது."

"எனக்குப் பொய் வராது தம்பி."

"ஆரு பொய் சொல்லச் சொன்ன? மெய்யக் கொஞ்சம் கொறச்சிச் சொல்லுங்க."

குறைத்துச் சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. வாசலில் நின்ற பரமேஸ்வரியின் கண் முதலில் பட்டது பொதியில்தான். "என்னது?" என்றாள். நிர்மாலியத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேறு எதையும் சொல்ல என்னால் ஏலவில்லை. பிரித்துக் காட்டினேன். குசினிக் கதிரையில் அமர்ந்து, ஒரு காம்பை எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

"நான் வைச்ச பூவோ?"

"ஓம்."

"இதாலயோ எனக்கு முட்டினது?"

"பூவால இல்லை. ஈரத்தால. இந்த நாட்டில எல்லாத்திலயும் பூஞ்சணம் பிடிக்குது, பூவுக்கு மட்டும் விதிவிலக்கோ?"

அவள் எழுந்து பொதியை வாங்கிக்கொண்டு பின்புறம் போனாள். எவர் காலும் படாத இடமென்று அங்கிருந்தது அந்தப் பியேர்க் மரத்தின் அடி ஒன்றுதான். அங்கே குழி தோண்டி, பொதியில் இருந்ததை இட்டு மூடினாள். வெள்ளைப் பட்டையைத் தட்டி, "பாவம், உன்னையெல்லோ இவ்வளவு நாளும் திட்டினனான்" என்று அதற்குத் தமிழில் சொன்னாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பியபோது அவள் கண்கள் நிறைந்திருந்தன.

"இனி வைக்கக்கூடாது, என்ன?"

"அந்த இடத்தில வைக்கக்கூடாது."

"அந்த இடந்தானே எனக்கு மூச்சுத் தந்தது? அதை நினைச்சுத்தானே கனகத்துக்கும் கேட்டனான். இவ்வளவு நாளும் வைச்சிட்டு, இப்ப நிப்பாட்டி, அவளுக்கு ஒண்டு நடந்தா? என்ர மூச்சைப் பார்க்கப் போய் அவளை விட்டிட்டன் எண்டு ஆகாதோ?"

பதிகங்களை மனனம் செய்து முதிர்ந்தவன் நான். இறைவன் பூவைப் பாராமல் நெஞ்சைப் பார்ப்பவன் என்பதற்கு எத்தனையோ பாட்டு என் நாவில் இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. தங்கை எங்கே கிடக்கிறாளோ என்று தெரியாதவளின் கையிலிருந்த பூ அது. அதைப் பாட்டால் பறிக்க எனக்கு மனம் வரவில்லை. அவளருகே மண்ணைக் கையால் அமர்த்திவிட்டு, உள்ளே அழைத்து வந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. அவள் குளித்து, சேலை உடுத்து, கடையில் வாங்கிய செவ்வந்திக் கட்டிலிருந்து ஒரு பூவைக் கிள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். கால்கள் பழகிய வழியே காரின் முன்புறம் போயின. கழுவித் துடைத்த அந்தக் கறுப்புத் தட்டுக்கு மேலே அவள் கை நீண்டு, நின்றது. நான் கண்ணை எடுத்துவிட்டேன். அவள் அங்கே பூவை வைத்திருந்தால் ஒரு சொல்லும் சொல்லியிருக்க மாட்டேன். சுரங்கத்துக்கு முன் இறங்கி எடுத்திருப்பேன், அவ்வளவுதான். காலடி ஓசை காரைச் சுற்றிப் போயிற்று. பின்கதவு திறந்தது. பின்கண்ணாடிக்கு உட்புறம் உள்ள தட்டில் பூவை வைத்தாள், முகம் வெளியே பார்க்கும்படி. நீரில் குழைத்த திருநீற்றால் கண்ணாடிக்கு வெளியே மூன்று கோடு இழுத்தாள். கண்மூடி நின்றாள். பிறகு வந்து என் பக்கத்தில் அமர்ந்து கதவைச் சாத்தினாள்.

"முன்னுக்கு எங்களுக்கு ஒண்டும் இல்லை, நல்ல ரோட்டு" என்றாள். "பின்னுக்குத்தான் துணை வேணும். கனகம் பின்னுக்கெல்லோ நிக்கிறாள்."

காரை எடுத்தேன். கடலோரமாகப் போனோம், அவள் நெஞ்சைத் தொடவில்லை. சுரங்கத்தின் வாய் தெரிந்ததும் என் கால் தானாக வேகத்தைக் குறைத்தது.

"ஏன் உருட்டுறீங்கள்? பின்னால வாறவன் பேசப் போறான்."

"மூச்சு எப்பிடி?"

"வருது."

சுரங்கத்துள் மஞ்சள் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எங்களைக் கடந்தன. அவளுடைய மூச்சில் விசில் இல்லை. நடுவழியில், நான் எடுத்துக்கொடுக்காமலே, அவளே பதிகத்தின் முதலடியைத் தொடங்கினாள். இரண்டாம் அடியில் எங்கே நின்றுவிடுவாளோ என்று என் கை ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தது. நிற்கவில்லை. நான்கு அடியும் பாடி, ஈற்றசையை நீட்டி, இறக்கி வைத்தாள். அவள் அப்படி ஒரு பாட்டை முழுதாகப் பாடிக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! அடுத்த பாட்டை நான் எடுத்தேன். அதை வாங்கிப் பாடியபடி சுரங்கத்தின் மறுபுறம் வெளிச்சத்துள் வந்தாள்.

கனகத்தின் குரல் இன்னும் வரவில்லை. நாங்கள் ஒவ்வொரு வெள்ளியும் போகிறோம். வீட்டுக்குத் திரும்பியதும் வாடிய பூவை மறக்காமல் எடுத்துவிடுகிறாள். அடுத்த முறை புதியது வைக்கிறாள். எங்களுக்குப் பின்னால் வருபவர்கள் சில வேளை பூவையும் கண்ணாடியில் உள்ள வெள்ளைக் கோடுகளையும் உற்றுப் பார்க்கிறார்கள். அவர்கள் என்ன நினைக்கிறார்களோ தெரியாது. கார் முன்னே போகிறது; வேகம் காட்டும் பலகைகளையும் திரும்பும் வழிகளையும் நான் கவனமாகப் பார்த்து ஓட்டுகிறேன். ஆனால் பின்னால் வருவது யார் என்று அறியச் சிறு கண்ணாடியை நிமிர்ந்து நோக்கும்போதெல்லாம், முதலில் தெரிவது எங்களுக்கு முதுகு காட்டியிருக்கும் அந்தச் செவ்வந்தி. அதற்கப்பால், நாங்கள் விட்டுவிட்டு வந்த தெரு, விலகி விலகிப் போய்க்கொண்டே இருக்கிறது.